என்ன வாயு என்று யார் சொல்ல வேண்டும்?

2024 ஜனவரி 4, இரவு 9.40

வாசகர் ஒருவர் கேட்டது: "எண்ணூரில் டிசம்பர் 26 நள்ளிரவில் அம்மோனியா கசிந்தபோது ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாங்களாகவே ஓடினார்கள். ரசாயனக் கசிவு, பொதுச் சுகாதார அவசரநிலை, இதற்கெல்லாம் நம் நாட்டில் சட்டம் என்று ஒன்று இருக்கிறதா? அமெரிக்காவில் இருப்பதுபோல் நமக்கும் வேண்டாமா?"

சட்டம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அடுக்கினால் அலமாரி நிறையும். 1984 டிசம்பர் 2 இரவு போபாலில் மீத்தைல் ஐசோசயனேட் என்ற விஷவாயு கிளம்பியதற்கு அப்புறம் வந்தவற்றை மட்டும் சொல்கிறேன். 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். 1987இல் தொழிற்சாலைச் சட்டத்துக்குத் திருத்தம். ஆபத்தான தொழில் நடத்துகிறவர் தன்னிடம் என்ன இருக்கிறது, அதனால் என்ன கேடு வரும் என்பதைத் தொழிலாளிக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லியாக வேண்டும் என்று 41பி பிரிவு அதில் வந்தது. 1989இல் அபாயகர ரசாயனங்களைத் தயாரிப்பது, சேமிப்பது, இறக்குமதி செய்வது பற்றிய விதிகள். 1991இல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம். 1996இல் ரசாயன விபத்துக்கென்றே தனி விதிகள். 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம். 2010இல் பசுமைத் தீர்ப்பாயம்.

இத்தனையில் எது அன்று ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்தில் கதவைத் தட்டியிருக்க வேண்டும் என்று கேட்டால், அது நல்ல கேள்வி.

நான் இருபத்திரண்டு வருஷம் ஒரு ஆலையில் சேஃப்டி ஆபீசராக இருந்தவன். அம்மோனியா டேங்க், குளோரின் சிலிண்டர் இரண்டும் உண்டு. வேலிக்குள் நடப்பதற்கு ஆன்சைட் பிளான், வேலிக்கு வெளியே போனால் ஆஃப்சைட் பிளான். இரண்டையும் ஆலைதான் போட வேண்டும், போட்டோம். கலெக்டர் ஆபீசில் ஒரு பிரதி, ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீசில் ஒரு பிரதி. மீதியை நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 5, காலை 7.15

தப்பாக எழுதிவிட்டேன். ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார், அவர் சொல்வதுதான் சரி. 1989 விதிகளில் 13ஆவது விதிப்படி ஆன்சைட் பிளான் ஆலையின் பொறுப்பு. 14ஆவது விதிப்படி ஆஃப்சைட் பிளான் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. ஆலை அதற்கு வேண்டிய விவரம் கொடுத்தால் போதும்.

இருபத்திரண்டு வருஷம் இருந்தவனுக்கு இதுகூடவா தெரியாது என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் எங்கள் ஊர் வழக்கத்தில் கலெக்டர் ஆபீசிலிருந்து போன் வரும், "சார், அந்த ஆஃப்சைட் பிளானை நீங்களே டைப் அடித்துக் கொடுத்துவிடுங்கள்" என்று. நானும் அடித்துக் கொடுத்துவிடுவேன். வருஷாவருஷம் அடித்து அடித்து அது என் வேலை என்றே மனதில் பதிந்துவிட்டது. ஊரை எப்படிக் காலி செய்ய வேண்டும் என்பதை ஊரைக் காலி செய்ய வைக்கப்போகிற ஆலையே எழுதியிருக்கிறது. இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. அப்போது கையெழுத்து வாங்கத்தான் அலைந்தேன்.

ஜனவரி 5, இரவு 10.05

1996 விதிகளைப் படிக்காதவர்கள் ஒருமுறை படியுங்கள். படிக்க நன்றாகவே இருக்கும். மத்தியில் ஒரு நெருக்கடிக் குழு, மாநிலத்தில் ஒன்று, மாவட்டத்தில் ஒன்று, அதற்குக் கீழே வட்டார அளவில் ஒன்று. மாநிலக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும், மாவட்டக் குழு 45 நாளுக்கு ஒருமுறை, வட்டாரக் குழு மாதாமாதம். யார் எழுதினார்களோ, நல்ல மனதோடு எழுதியிருக்கிறார்கள். வட்டாரக் குழுவில் தீயணைப்பு, போலீஸ் மட்டுமில்லை. உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர், ஊர்த்தலைவர், சமூக சேவகர்கள், அந்தப் பகுதியில் பெயர்பெற்ற இரண்டு டாக்டர்கள் என்று எல்லோருக்கும் நாற்காலி போட்டிருக்கிறது.

நான் வட்டாரக் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். மாதாமாதம் என்பது மூன்று மாதம் ஆகும், ஆறு மாதம் ஆகும். கூட்டம் நடக்காத மாதத்துக்கும் மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு, இருக்கும். அதில் என் கையெழுத்தும் இருக்கும், மறைக்க மாட்டேன். கூட்டத்தை நடத்த வேண்டிய ஆர்டிஓவுக்கு, அதாவது வருவாய்க் கோட்டாட்சியருக்கு, தேர்தல் வேலை, வெள்ள வேலை, பட்டா வேலை. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? நாலு ஆலைகளிலிருந்து நாலு சேஃப்டி ஆபீசர்கள் வந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

ஒரே ஒரு கூட்டம் மறக்கவில்லை. ஒரு வயதான டாக்டர் வந்திருந்தார். அரை மணி நேரம் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "உங்க நாலு கம்பெனியிலயும் சேர்த்து என்னென்ன ரசாயனம் இருக்குன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. எதுக்கு என்கிட்ட மருந்து இருக்கு, எதுக்கு இல்லைன்னு நான் எழுதித் தரேன்" என்றார். எளிய கோரிக்கை. பதினைந்து நிமிஷ வேலை. அனுமதி வாங்கிச் சொல்கிறோம் என்றோம். அனுமதியும் வரவில்லை, டாக்டரும் அதற்கப்புறம் வரவில்லை. மினிட்ஸில் 'மருத்துவ ஆயத்தம் விவாதிக்கப்பட்டது' என்று ஒரு வரி.

ஜனவரி 9, இரவு 11.30

எங்கள் ஆலையில் நடந்ததைச் சொல்லுங்கள் என்று இரண்டு பேர் கேட்டார்கள். பெரிய விபத்து இல்லை. எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

ராத்திரி இரண்டு மணி. அம்மோனியா குழாய் இணைப்பில் கசியாமல் அடைத்து வைக்கிற ஒரு ஃபிளாஞ்ச் கேஸ்கெட் விட்டுவிட்டது. ஷிப்டு இன்சார்ஜ் நல்ல ஆள். மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு போய் மேலே இருந்த வால்வை மூடிவிட்டார். ஏழெட்டு நிமிஷம்தான். ஆனால் பக்கத்தில் படுத்திருந்த மூன்று கான்ட்ராக்ட் ஆட்களுக்கு நன்றாகவே ஏறிவிட்டது. கண் திறக்க முடியவில்லை, ஒருவனுக்குத் தொண்டை அடைத்துக் குரலே வரவில்லை. பிளான்படி ஆஸ்பத்திரிக்கு முதலில் போன் போட வேண்டும். பிளானில் இருந்த நம்பரைப் போட்டால் வேறு யாரோ தூக்கக் கலக்கத்தில் திட்டினார். ஆஸ்பத்திரி நம்பர் மாறிப் பல வருஷம் ஆகியிருந்தது. வருஷாவருஷம் தேதியை மட்டும் மாற்றி அடித்தது நான்தான்.

ஜீப்பில் போட்டுக்கொண்டு போனோம். டியூட்டியில் ஒரு இளம் டாக்டர் அம்மா. பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "என்ன வாயு?" இரண்டாவது, "தண்ணி ஊத்திக் கழுவுனீங்களா, எவ்வளவு நேரம்?" ரசாயனத்தின் விவரத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும். எம்எஸ்டிஎஸ் என்போம். அது மேனேஜர் அறை பீரோவில் இருந்தது, சாவி அவர் வீட்டில். கையில் ஒன்றுமில்லாமல் நின்றேன். டாக்டரே சட்டையைக் கழற்றச் சொல்லி, கண்ணில் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கச் சொல்லி, தொண்டை வீங்கியவனைத் தனியாக எடுத்துக்கொண்டார். அம்மோனியாவுக்கு மாற்று மருந்து என்று எதுவும் கிடையாது. தண்ணீர், ஆக்சிஜன், மூச்சுக்குழாய் வீங்கி அடைக்கிறதா என்ற கண்காணிப்பு, அவ்வளவுதான். மூன்று பேரும் பிழைத்தார்கள். ஒருவனுக்கு வலது கண்ணில் மங்கல் நின்றுவிட்டது.

அடுத்த வாரமே அந்தத் தாளைப் பிரதி எடுத்து கேட்டில், ஜீப்பில், ஷிப்டு ரூமில் வைத்தேன். ஒன்பது பக்கம், முழுக்க ஆங்கிலம். ஜீப் டிரைவர் வெயிலுக்குக் கண்ணாடியில் செருகி வைத்துக்கொண்டார்.

ஜனவரி 10, மதியம்

கசிவின்போது மூக்கில் ஈரத்துணி கட்டினால் உதவுமா என்று கேட்டவருக்கு: அம்மோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும், அதனால் மூக்கில் ஈரத்துணி கொஞ்ச நேரத்துக்கு உதவும். குளோரினுக்கு அந்த அளவு உதவாது. எதுவானாலும் துணியைக் கட்டிக்கொண்டு அங்கேயே நிற்கச் சொல்லவில்லை.

எடை முக்கியம். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், பள்ளத்தில் போய்த் தேங்கும், மேட்டுக்கு ஏற வேண்டும். மீத்தைல் ஐசோசயனேட்டும் காற்றைப்போல் இரண்டு மடங்கு. போபாலில் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த குடிசைக்காரர்களை முதலில் பிடித்தது அதனால்தான். அம்மோனியா புத்தகப்படி காற்றைவிட லேசு. அதை நம்பித்தான் நேற்று ஒருவர் 'மேலே போய்விடும்' என்று எழுதியிருக்கிறார். அழுத்தத்தில் திரவமாக வைத்திருந்தது பீச்சி அடித்தால் குளிர்ந்த வெள்ளை மூட்டமாகத் தரையோடுதான் வரும். நானே பார்த்திருக்கிறேன், முழங்கால் உயரத்துக்கு.

ஓடும் திசை: காற்று வருகிற பக்கத்துக்குக் குறுக்கே. காற்றோடு சேர்ந்து ஓடினால் அதுவும் கூடவே வரும்.

ஜனவரி 14, மாலை

அமெரிக்கச் சட்டத்துக்கு வருகிறேன். அவசரத் திட்டமிடல் மற்றும் சமூகத்தின் அறியும் உரிமைச் சட்டம், 1986 அக்டோபர் 17இல் அதிபர் ரீகன் கையெழுத்திட்டது. அது பிறந்த கதையைச் சொன்னால் நமக்கு வயிறு எரியும். போபாலில் நம் ஆட்கள் செத்தார்கள். போபால் ஆலையை வைத்திருந்த அதே யூனியன் கார்பைடு கம்பெனிக்கு மேற்கு வர்ஜீனியாவில் இன்ஸ்டிடியூட் என்ற ஊரிலும் ஆலை உண்டு. அங்கே 1985 ஆகஸ்டில் வேறொரு ரசாயனம் கசிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் சிகிச்சைக்குப் போனார்கள். நம் ஊரிலும் நடக்குமா என்ற பயம் அங்கே வந்துவிட்டது. அடுத்த வருஷமே சட்டம். ஐரோப்பாவில் அதற்கும் முன்பே, 1976இல் இத்தாலியின் செவேசோ பக்கம் டயாக்சின் என்ற நச்சு பரவிய பிறகு, 1982இல் ஒரு ஆணை வந்துவிட்டது.

அந்த அமெரிக்கச் சட்டத்தில் எல்லோரும் சொல்வது உள்ளூர்த் திட்டக் குழுவைப் பற்றி, வருஷாவருஷம் கொடுக்க வேண்டிய ரசாயனக் கணக்கைப் பற்றி. எனக்குப் பிடித்தது 323ஆவது பிரிவு. வியாபார ரகசியம் என்று ஒரு ரசாயனத்தின் பெயரைக் கம்பெனி மறைத்து வைத்திருந்தாலும், அவசர சிகிச்சை செய்கிற டாக்டரோ நர்ஸோ கேட்டால் உடனே சொல்லிவிட வேண்டும். ஏன் வேண்டும் என்று எழுதிக் கொடு, ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போடு, இதெல்லாம் அப்புறம். முதலில் பெயர்.

ஜனவரி 9 குறிப்பை எழுதி முடித்துவிட்டு இந்தப் பிரிவை மறுபடி படித்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

நம் 1989 விதிகளில் 5ஆவது விதியைப் பாருங்கள். பெரும் விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் உரிய அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அமெரிக்கச் சட்டம் உடனே என்கிறது. நம்முடையது முறைப்படியான அறிவிப்புக்கான கெடு, அவசரத் தகவல் ஆன்சைட் பிளானுக்குள் வந்துவிடும் என்று வாதிடலாம். நானே இன்ஸ்பெக்டரிடம் அப்படி வாதிட்டிருக்கிறேன். ஆனால் விதிப் புத்தகத்தில் கண்ணில் படுகிற எண் 48தான். மேனேஜர் மனதில் நிற்பதும் அதுதான்.

அமெரிக்காவைத் தூக்கி வைத்து ஆட வேண்டாம் என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். 2013 ஏப்ரல் 17, டெக்சஸில் வெஸ்ட் என்ற சின்ன ஊர், உரக் கிடங்கில் தீ. உள்ளே அம்மோனியம் நைட்ரேட். சட்டப்படி கொடுக்க வேண்டிய கணக்கில் அதைக் காட்டியிருந்தார்கள். தீயணைக்கப் போனவர்களுக்கு அது வெடிக்கும் என்ற பயிற்சி இல்லை. செத்த 15 பேரில் 12 பேர் உதவிக்குப் போனவர்கள். காகிதம் போய்ச் சேர்ந்தும் விஷயம் போய்ச் சேரவில்லை.

ஜனவரி 15

பொங்கலும் அதுவுமாக விஷவாயு பற்றி எழுதுகிறீர்களே என்று மனைவி கேட்டுவிட்டாள். இன்று லீவு.

ஜனவரி 21, இரவு

முதல் கேள்வியில் 'பொதுச் சுகாதார அவசரநிலை' என்றும் ஒரு சொல் இருந்தது. அதை நான் கவனிக்காமல் தொழிற்சாலைச் சட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். பழக்க தோஷம்.

சுகாதாரப் பக்கம் நம்மிடம் இருப்பது என்ன? 1897இல் பிளேக்குக்குப் பயந்து வெள்ளைக்காரன் போட்ட தொற்றுநோய்ச் சட்டம். கொரோனாவிலும் அதைத்தான் தூசி தட்டினோம். தமிழ்நாட்டுக்குப் பெருமை ஒன்று உண்டு, 1939இலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் நம்முடையது. குடிநீர், சாக்கடை, கொசு, தொற்றுநோய் எல்லாம் இருக்கிறது. அந்தக் காலத்து ஆட்களுக்கு ஆபத்து என்றால் கிருமி. டேங்கிலிருந்து வருகிற ஆபத்து அதில் எப்படி இருக்கும்?

உலக அளவில் இந்தப் பிரிவினையை உடைத்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச சுகாதார ஒழுங்குமுறைகள் ஒருகாலத்தில் காலரா, பிளேக், மஞ்சள் காய்ச்சல் மூன்றை மட்டும் பார்த்தன. 2005இல் திருத்தி எழுதி 2007இல் அமலுக்கு வந்தபோது, எந்த மூலத்திலிருந்து வந்தாலும் சரி என்று ரசாயனம், கதிர்வீச்சு எல்லாம் உள்ளே வந்தன. இந்தியாவும் அதில் கட்டுப்பட்ட நாடு. 2017இல் இங்கே சுகாதார அமைச்சகம் ஒரு வரைவு மசோதா வெளியிட்டது. தொற்றுநோய், உயிரிப் பயங்கரவாதம், பேரிடர் எல்லாவற்றுக்கும் சேர்த்து, 1897 சட்டத்துக்குப் பதிலாக. அது வரைவாகவே நின்றுவிட்டது.

நடைமுறையில் இதன் பொருள்: காய்ச்சல் கூடினால் எங்கே அறிக்கை கொடுக்க வேண்டும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரியும். ஒரே ராத்திரியில் பத்துப் பேர் கண் எரிச்சலோடு வந்தால் யாருக்குச் சொல்வது? டாக்டர் போலீசுக்குச் சொல்வார், போலீஸ் ஆலைக்குப் போன் போடும், ஆலை 'எங்களிடம் ஒன்றுமில்லை' என்று சொல்லும். அந்தக் கடைசி பதிலைச் சொல்கிற வேலையும் சேஃப்டி ஆபீசருடையதுதான்.

பிப்ரவரி 2, இரவு 10.50

சைரன் ஏன் அடிக்கவில்லை என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். விசாகப்பட்டினத்தைச் சொல்கிறார். 2020 மே 7, விடியற்காலை மூன்று மணி வாக்கில் எல்ஜி பாலிமர்ஸ் ஆலை டேங்கிலிருந்து பிளாஸ்டிக் செய்யப் பயன்படுகிற ஸ்டைரீன் என்ற ரசாயனத்தின் ஆவி ஆர்ஆர் வெங்கடாபுரம் ஊருக்குள் இறங்கியது. 12 பேர் உயிரிழந்தார்கள். மாநில அரசு போட்ட உயர்மட்டக் குழு அறிக்கையில் ஒரு விவரம்: சைரனை இயக்க அந்த ஆலையில் 36 இடங்களில் வசதி இருந்தது, மெயின் கேட் உட்பட. ஒன்றைக்கூட யாரும் அழுத்தவில்லை. போபாலிலும் ஊருக்கான சைரனைக் கொஞ்ச நேரம் அடித்துவிட்டு நிறுத்திவிட்டார்கள், ஜனங்கள் பீதியடைவார்களாம்.

வெளியில் இருப்பவர்களுக்கு இது கொலைபாதகமாகத் தெரியும். உள்ளே இருந்தவன் சொல்கிறேன், அந்தப் பட்டனுக்கு முன்னால் நிற்கிற ஆபரேட்டர் இருபத்தைந்து வயசுப் பையன். அடித்து, ஒன்றுமில்லை என்று ஆனால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஊர் கேட்டில் வந்து நிற்கும், இன்ஸ்பெக்டர் வருவார், ஆலை நிற்கும், 'யார் அடிச்சது?' என்று மெமோ வரும். அடிக்காமல் விட்டால் பெரும்பாலான நாட்களில் எதுவும் ஆகாது. எங்களிடம் ஒரு பையன் சின்னக் கசிவுக்கு அடித்துவிட்டு மூன்று மாதம் இன்கிரிமென்ட் இழந்தான். அந்த விசாரணைக் கமிட்டியில் நானும் ஒரு ஆள். அதற்கப்புறம் எங்கள் சைரன் மாக் டிரில் என்ற ஒத்திகைக்கு மட்டும்தான் ஒலித்தது.

தேவையில்லாமல் சைரன் அடித்தவனைத் தண்டிக்கக் கூடாது என்று ஒரு வரி விதிகளில் வேண்டும். தொழிற்சாலைச் சட்டத்தின் 41எச் பிரிவு ஆபத்து நெருங்கினால் எடுத்துச் சொல்லும் உரிமையைத் தொழிலாளிக்குக் கொடுத்தது, உண்மை. மேலதிகாரியிடமும் பாதுகாப்புக் கமிட்டியிடமும் சொல்வதற்கான உரிமை அது. ஊருக்குச் சொல்வதற்கு?

பிப்ரவரி 3, காலை 5.30

ஜனவரி 9இல் எழுதியது முழு உண்மை இல்லை.

பீரோ பூட்டியிருந்தது சரி. தாள் கையில் இல்லாததும் சரி. ஆனால் என்ன வாயு என்று எனக்குத் தெரியாதா? வால்வை மூடும்வரை அங்கேயே நின்றவன் நான். டாக்டர் அம்மா கேட்டபோது "கேஸ் லீக் மேடம்" என்றேன். மறுபடி கேட்டார். "கம்பெனியில கேட்டுச் சொல்றேன்" என்றேன். ஆலையில் ஒரு ஆர்டர் இருந்தது: சம்பவம் பற்றி வெளியில் பேசுவதானால் மேனேஜர் அனுமதியோடுதான். இதைப் பத்திரிகைக்காரர்களை நினைத்துப் போட்டிருந்தார்கள். எனக்கு அந்த நேரத்தில் டாக்டரும் 'வெளியில்' ஆகிவிட்டார். மேனேஜருக்குப் போன் போட்டுக்கொண்டு வராண்டாவில் நின்றேன். அவர் எடுக்கவில்லை.

டாக்டர் வெளியே வந்து சொன்னார், "சார், வாடையே சொல்லுது. ஆனா உங்ககிட்ட குளோரினும் இருக்குன்னு இந்தத் தம்பி சொல்றான். ரெண்டும் சேர்ந்து வந்ததா, ஒண்ணுதானா? நீங்க வாயால சொல்லணும்." அப்போதுதான் சொன்னேன். நாலைந்து நிமிஷம் போயிருக்கும். அந்த நிமிஷங்களுக்கும் அந்தப் பையனின் கண்ணுக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று நான் யாரையும் கேட்டதில்லை.

போபாலில் ஹமீதியா ஆஸ்பத்திரி டாக்டர்கள் ஆலைக்குப் போன் போட்டுக் கேட்டபோது, கண்ணீர்ப்புகை மாதிரிதான், தண்ணீரில் கழுவினால் போதும் என்று பதில் வந்தது. விஷமுறிவு மருந்தாகச் சோடியம் தயோசல்பேட் ஊசி போடலாமா கூடாதா என்று பிறகு மாதக்கணக்கில் தகராறு. அதைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கம்பெனிக்காரனைத் திட்டியிருக்கிறேன்.

பிப்ரவரி 4

எழுதியதற்கு ஆறுதல் சொன்னவர்கள் இருக்கிறார்கள், திட்டியவர்களும் இருக்கிறார்கள். திட்டியவர்களில் ஒருவர் கேட்டது சரியான கேள்வி: "41பி பிரிவு அப்போதே இருந்ததே?" இருந்தது. விவரம் சொல்லும் கடமை ஆலைக்கு இருந்தது. அந்தக் கடமையை நிறைவேற்ற முன்கூட்டியே ஒரு படிவம் கொடுத்திருந்தோம், சுகாதார நிலையமும் எங்கோ ஒரு பைலில் அதை வைத்திருந்திருக்கும். சட்டம் கேட்டதைச் செய்தாகிவிட்டது. ராத்திரி இரண்டரை மணிக்கு டாக்டர் கேட்டால் இந்த ஆள் உடனே சொல்ல வேண்டும், எந்த உள் உத்தரவும் அதைத் தடுக்காது என்று அதில் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்த வரி. என் கோழைத்தனத்துக்குச் சட்டத்தைச் சாக்கு சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டாலும் சரி.

பிப்ரவரி 11, மதியம்

நஷ்டஈடு பற்றிச் சுருக்கமாக. 1985 டிசம்பர் 4இல் டெல்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் என்ற புகையும் கந்தக அமிலம் கசிந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் முழுப் பொறுப்பு என்ற கொள்கையைச் சொன்னது: ஆபத்தான தொழில் நடத்துகிறவன் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்று சொன்னாலும் தப்ப முடியாது. நம் நாட்டு நீதிமன்றம் உலகத்துக்குக் கொடுத்த நல்ல சட்டம். அப்புறம் 1991 சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள்: தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே உடனடி நிவாரணம், உயிரிழப்புக்கு 25,000 ரூபாய் என்று எழுதினார்கள். முதல் வரியைப் படித்த கையோடு இரண்டாவதைப் படிக்காதீர்கள்.

பிப்ரவரி 12

ஐஸ் ஃபாக்டரியிலும் அம்மோனியா உண்டே, அதற்கும் இந்த விதிகள் உண்டா என்று கேட்டவருக்கு. 1989 விதிகளில் ஒவ்வொரு ரசாயனத்துக்கும் ஒரு அளவு உண்டு. அம்மோனியாவுக்கு 60 டன், குளோரினுக்கு 10 டன். அதைத் தொட்டால்தான் 13, 14ஆவது விதிகளின் பிளான், ஆறு மாதத்துக்கு ஒரு மாக் டிரில், ஆஃப்சைட்டுக்கு வருஷத்துக்கு ஒரு ஒத்திகை, எல்லாம். உங்கள் தெருமுனை ஐஸ் ஃபாக்டரியிலும் மீன் பதனிடும் இடத்திலும் சில டன்தான் இருக்கும். சுற்றிலும் வீடுகள் இருக்கும். 60 டன் டேங்க் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, சுவரோடு, என்னைப்போல் ஒரு ஆளோடு இருக்கும். நுரையீரலுக்கு டன் கணக்கு தெரியாது. எவ்வளவு தள்ளி நின்றோம் என்பதுதான் அதற்குக் கணக்கு.

பிப்ரவரி 18, இரவு

கடைசியில் என்னதான் செய்தீர்கள் என்று கேட்டால்: ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் உள்ளங்கை அளவில் ஒரு அட்டை அடித்தேன். ஒரு பக்கம் தமிழில் நாலு வரி: வாயுவின் பெயர், கண்ணையும் தோலையும் குறைந்தது பதினைந்து நிமிஷம் கழுவு, சட்டையைக் கழற்று, காற்றுக்குக் குறுக்கே ஓடு. மறுபக்கம் டாக்டருக்கு. அம்மோனியாவுக்குப் பச்சை, குளோரினுக்கு மஞ்சள். மூன்று கேட்டிலும் தொங்கவிட்டு, கசிவில் அடிபட்டவன் சட்டையில் செருகித்தான் அனுப்ப வேண்டும் என்று ஷிப்டு ஆட்களுக்குச் சொல்லி வைத்தேன். மேனேஜரிடம் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. எந்த விதியிலும் அப்படி ஒரு அட்டை இல்லாததால் இன்ஸ்பெக்டரும் கேட்கவில்லை.

இப்போது தொங்குகிறதா என்று விசாரித்துச் சொல்கிறேன்.

பிப்ரவரி 27, காலை 11.40

விசாரிக்க வேண்டிய வேலையே வைக்கவில்லை. சற்று முன் ஒரு போன்.

"சார், வணக்கம், மாக் டிரில் சார். அம்மோனியா ஸ்டோரேஜ் ஏரியாவுல லீக்கேஜ், லெவல் டூ எமர்ஜென்சி. உங்களுக்கு இன்டிமேட் பண்றோம் சார்."

"தம்பி, நான் ரிட்டயர் ஆகி அஞ்சு வருஷம் ஆச்சே."

"பிளான்ல சேஃப்டி ஆபீசர்னு இந்த நம்பர்தான் சார் இருக்கு."

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அது ஃபார்ம்ல இல்ல சார்" என்றான். கேட்டில் பச்சை அட்டை இருக்கிறதா பார் என்றேன். போய்ப் பார்த்துவிட்டு வந்து, மஞ்சள் மட்டும் இருக்கிறது, பச்சை தொங்கின ஆணியில் யாரோ குடை மாட்டியிருக்கிறார்கள் என்றான்.

நம்பரை மாற்றச் சொல்லியிருக்கிறேன். ஆஸ்பத்திரி நம்பரையும் ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அட்டையின் பிரதி என்னிடம் இருக்கிறது, நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.